கொழுந்தில் பிறந்து மூளைக்குப் போகும் தியனைன்

மலைச்சரிவில் பெண்கள் கிள்ளி எடுக்கும் தேயிலைக் கொழுந்தில் தியனைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. தேயிலைச் செடியின் வேர், குளுட்டமிக் அமிலத்தையும் எதைலமீனையும் இணைத்து அதை உருவாக்குகிறது. அங்கிருந்து அது தளிருக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அதில் ஒரு பகுதி துவர்ப்புத் தரும் கட்டெக்கின்களாக மாறும். நிழலில் வளரும் இலையில் தியனைன் கூடுதலாகத் தங்கும். 1949இல் ஜப்பானில் பச்சைத் தேயிலையில் இதைக் கண்டறிந்தார்கள்.

தேநீரைக் குடிக்கும்போது தியனைன் மூளைக்கும் போகிறது. அங்கே நரம்புக்கலங்களைத் தூண்டும் முதன்மைச் செய்திப்பொருள் குளுட்டமேட். தியனைனின் அமைப்பு அதை ஒத்தது. அதனால் குளுட்டமேட்டை ஏற்கும் வாங்கிகளில் (receptors) சிலவற்றோடு தியனைனும் ஒட்டும், ஆனால் மிக வலுக்குறைவாக.

இத்தகைய தொடர்பை எப்படி அளப்பது?

வழக்கமான சோதனைகள் பலவற்றில் ஒளிரும் சாயமோ கதிரியக்க அடையாளமோ சேர்ப்பார்கள். அடையாளமற்ற உயிர் உணரிகளுக்கு இரண்டும் தேவையில்லை. நுண்ணிய தங்க மின்வாய்களின் மேல் உயிருள்ள கலங்களை வளர்த்து, மெல்லிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். வாங்கி தூண்டப்பட்டதும் கலத்தின் வடிவமும் பிடிப்பும் சற்றே மாறும். மின்தடையும் கூடவே மாறும். கலத்துக்கு ஊறு இல்லாததால் அந்த மாற்றத்தைத் தொடர்ந்து பதிவுசெய்யலாம். ஒளியைக் கொண்டு அளக்கும் கருவிகளும் உண்டு.

மாற்றம் வேறு காரணத்தாலும் வரக்கூடும். ஆகவே வாங்கியே இல்லாத கலங்களிலும், வாங்கியைத் தடுக்கும் மருந்து இட்ட கலங்களிலும் அதே சோதனையை மீண்டும் செய்கிறார்கள். அங்கே சமிக்ஞை மறைந்தால், அது வாங்கியிலிருந்தே வந்தது என்று கொள்ளலாம்.