இரை எடுக்காத ஆமை... முதலில் சூடு, பிறகு தீனி!

ஆடு, மாடு, கோழி வளர்க்கும் வீடுகளில் இப்போது குட்டி ஆமையும் இடம்பிடித்துவிட்டது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று அலங்கார மீன் கடையில் வாங்கி, பிளாஸ்டிக் தொட்டியில் விடுகிறார்கள். சில மாதங்கள் சுறுசுறுப்பாக நீந்தும். பனிக்காலம் வந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, போட்ட தீனியைத் தொடாமல் கிடக்கும். ‘ஆமை என்றாலே மந்தம்தானே’ என்று விட்டுவிட்டால், பிறகு காப்பாற்றுவது கடினம்.

கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் இது, 20 முதல் 30 செ.மீ. வரை வளரும், 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

குளிர்ந்தால் பசிக்காது

ஆமையால் தன் உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது. சுற்றியுள்ள நீரும் வெயிலும்தான் அதற்குச் சூடு. உடல் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும். செரிக்காதபோது பசியும் எடுக்காது. புரூடரில் பல்பு அணைந்தால் கோழிக்குஞ்சுகள் தீவனத்தை விட்டுவிட்டு ஒடுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆமைக்கும் அதே நிலைதான்.

தொட்டி நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மார்கழி இரவில் சிமென்ட் தரையில் வைத்த தொட்டி இதைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும். ‘குளிர்காலத் தூக்கம்’ என்று நினைத்து அப்படியே விட வேண்டாம். நம் ஊரில், வீட்டுத் தொட்டியில் வளரும் ஆமைக்கு அந்தத் தூக்கம் தேவையில்லை.

உடனே செய்ய வேண்டியவை

* அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, 15 முதல் 20 நிமிடங்கள் ஆமையை விடுங்கள். தலை நீருக்கு மேலே இருக்கும்படி நீர் மட்டம் குறைவாக இருக்கட்டும்.

* காலையில் ஒரு மணி நேரம் இளவெயிலில் வையுங்கள். தொட்டியில் பாதிக்கு நிழல் வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் நீர் கொதிப்பேறி ஆமை இறந்துவிடும். காக்கை, நாய் அண்டாமல் ஆள் இருக்க வேண்டும்.

* ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது. ஓடு உறுதியாக உதவும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

* நீரிலிருந்து ஏறி உடலை உலர்த்திக்கொள்ளத் தொட்டிக்குள் ஒரு செங்கல் வையுங்கள். செங்கல்லுக்கு மேலே, நீர் தெறிக்காத உயரத்தில் ஒரு குண்டு பல்பு எரியலாம். மின் இணைப்பைத் துண்டிக்காமல் தொட்டிக்குள் கை விடக் கூடாது.

* குளிர்ந்து கிடக்கும் ஆமையின் வாயைத் திறந்து தீனி திணிக்க வேண்டாம்.

எதைக் கொடுப்பது?

சோறு, ரொட்டி, பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். காய்ந்த இறால் மட்டுமே கொடுத்தால் வைட்டமின் ஏ குறைந்து கண்கள் வீங்கும். கண் தெரியாத ஆமை இரை எடுக்காது. அதைப் பசியின்மை என்று நினைப்பவர்கள் உண்டு.

குட்டிகளுக்கு ஆமைக்கான குருணைத் தீவனத்தோடு மண்புழு, முள்ளோடு சிறு மீன் கொடுக்கலாம். வளர வளரப் பச்சைத் தீனி கூட வேண்டும். மாட்டுக்கு அசோலா வளர்ப்பவர்கள், அதிலேயே ஒரு கைப்பிடி அலசிப் போடலாம். செங்காது ஆமை நீருக்குள்தான் விழுங்கும். தரையில் வைத்த தீனி அப்படியே கிடக்கும்.

தின்ற மிச்சமும் கழிவும் சேர்ந்து நீர் கெட்டால் ஓடு அழுகும். தனிப் பாத்திரத்தில் தீனி கொடுத்துப் பிறகு தொட்டியில் விட்டால் நீர் சீக்கிரம் கெடாது. வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை இறங்கினால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

மூக்கில் நுரை, வாய் பிளந்து மூச்சு விடுதல், ஒரு பக்கம் சாய்ந்து நீந்துதல் ஆகியவை நுரையீரல் நோயின் அடையாளங்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கண் வீக்கம், மெத்தென்ற ஓடு, ஓட்டில் துர்நாற்றம் இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும், சூடு கொடுத்து நான்கு நாட்களாகியும் தின்னாத குட்டியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளையும் அணுகலாம். வைட்டமின் ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். அளவு மீறினால் தோல் உரிந்துவிடும்.

ஆமையின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். இதனால்தான் 10 செ.மீ.க்குக் குறைவான ஆமைகளை வளர்ப்புக்கு விற்க அமெரிக்கா 1975-ல் தடை விதித்தது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. தொட்டி நீரைச் சமையலறையில் கொட்டவும் கூடாது.

கிணற்றில் விடலாமா?

வளர்க்க முடியாதபோது பலரும் கேட்பது இதைத்தான். செங்காது ஆமையைக் கிணறு, ஏரி, குளம் எதிலும் விடக் கூடாது. நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். வளர்க்க இயலாதவர்கள், பொறுப்பாக வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படைக்கலாம்.

வயலிலும் வரப்பிலும் கிடைக்கும் நட்சத்திர ஆமை, பாலாமை போன்றவற்றின் நிலை வேறு. இவை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. உழவின்போது தென்பட்டால் அருகிலுள்ள புதர் ஓரத்திலோ நீர்நிலையிலோ அதன் போக்கில் போகவிடுங்கள். காயம்பட்டிருந்தாலோ, ஏற்கெனவே வீட்டில் இருந்தாலோ, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து ஒப்படைத்துவிடுங்கள்.