ஆறு பூக்கும் மாலை

ஹங்கேரி நாட்டின் வழியே தெற்கு நோக்கிப் பாயும் திஸா ஆறு, ஆண்டுதோறும் ஜூன் திங்களின் நடுவில் சில நாட்கள் பூக்கின்றது. பூப்பது செடியும் அன்று, கொடியும் அன்று. வெயில் தாழ்ந்த வேளையில் எண்ணிறந்த பூச்சிகள் நீரினின்று திடுமென எழுந்து, ஆற்றின்மேல் சிறகடித்துப் பறக்கும். அதனை அந்நாட்டு மக்கள் ‘திஸா பூத்தது’ என்பர். பூச்சியையும் ‘திஸாப் பூ’ என்றே அழைப்பர். இருள் சூழ்வதற்குள் அப்பூக்கள் உதிர்ந்துவிடும்.

வாலிழையோடு அளந்தால் 12 சென்டிமீட்டர் வரை நீளும் இப்பூச்சி, ஐரோப்பாவில் வாழும் தன் இனத்தனவற்றுள் மிகப் பெரியது. இதனை நம் நாட்டு ஈசலோடு ஒன்றாக எண்ணுதல் கூடாது. ஈசல் கறையான் இனத்தது. சிறகை உதிர்த்தபின் மண்ணுட் புகுந்து பல்லாண்டு வாழவும் வல்லது. திஸாப் பூவிற்கோ சிறகு பெற்றபின் எஞ்சியிருப்பவை சில மணி நேரமே.

ஆயினும், இதனை அற்ப ஆயுள் உடையது என்று இரங்குதல் முற்றும் பொருந்தாது. சிறகு முளைக்குமுன் இது ஆற்றங்கரையின் களிமண்ணில் வளை தோண்டி, நீருக்குள் மூன்றாண்டுகள் வாழ்கின்றது. அக்காலமெல்லாம் உண்பதும் வளர்வதுமே அதன் தொழில். உண்ட உணவின் ஒரு பகுதி கொழுப்பாக உடலில் சேர்கின்றது. வளர்ந்த பூச்சிக்கு உண்ணத்தக்க வாய் இல்லை. அதன் குடலில் காற்றே நிறைந்திருக்கும். ஆகவே, பறப்பதற்கும் இணை தேடுவதற்கும் வேண்டிய ஆற்றல் முழுவதும் முன்னரே சேர்த்த முதலிலிருந்தே வருதல் வேண்டும். செலவு உண்டு, வரவு இல்லை.

அம்முதலை ஆணும் பெண்ணும் ஒரே வகையிற் செலவிடுவதில்லை. ஆண் பூச்சிகள் முதலில் எழுந்து கரையை அடைந்து, மரஞ்செடிகளைப் பற்றிக்கொண்டு மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும். சிறகு பெற்றபின்னும் தோலுரிப்பது பூச்சியுலகில் இவ்வினத்திற்கே உரிய இயல்பாகும். பின்னர் அவை நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறந்து பெண்களைத் தேடும். அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி இத்தேடலிலேயே கரைந்துவிடும். பெண் பூச்சியோ அவ்விறுதித் தோலை உரிப்பதே இல்லை. அதன் உடலின் சேமிப்பிற் பெரும்பங்கு ஆயிரக்கணக்கான முட்டைகளாக மாறியிருக்கும்.

இணைசேர்ந்த பெண் உடனே முட்டையிடுவதில்லை. அது மேலெழுந்து, ஆற்றின் போக்கிற்கு எதிராகச் சில கிலோமீட்டர் தொலைவு பறந்து செல்லும். ஏன் இவ்வுழைப்பு? நீரில் இட்ட முட்டைகளை வெள்ளம் கீழ்நோக்கி இழுத்துச் செல்லும். தாய் எதிர்த்துப் பறவாவிடின், தலைமுறைதோறும் அவ்வினம் சிறிது சிறிதாகக் கடலை நோக்கி நகர்ந்துவிடும். களைத்த பின்னரே அது நீரில் இறங்கி முட்டைகளை உதிர்த்து மடிகின்றது.

இப்பயணத்தில் அதற்கு வழிகாட்டுவது, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒருவகை ஒளி. மனிதக் கண்ணுக்கு அவ்வொளியின் வேறுபாடு புலப்படாது. ஆற்றின் குறுக்கே பாலம் இருப்பின், அவ்விடத்தில் அவ்வொளித்தடம் அறுபடுகின்றது. ஆறு முடிந்துவிட்டது என மயங்கிய பூச்சிகள் திரும்புகின்றன, மீண்டும் முயல்கின்றன, மீண்டும் திரும்புகின்றன. அளவான முதல் அலைச்சலிலேயே தீர்ந்துபோக, அவை பாலத்தின் கீழ்ப்புறத்திலேயே முட்டையிட்டு விடுகின்றன. ஹங்கேரிய அறிஞர்கள் இதனைத் திஸாவில் ஆராய்ந்து கண்டனர். இப்பூச்சியின் மீது எவருக்கும் பகையில்லை; பாலம் கட்டியவர் இதனை நினைத்திருக்கவும் மாட்டார்.

2000ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ருமேனியாவின் பாயா மாரே நகருக்கு அருகே, பொன் பிரிக்கும் ஆலையின் கழிவுத் தேக்கம் உடைந்து சயனைடு நஞ்சு திஸாவிற் கலந்தது. மீன்கள் பெருந்திரளாக மாண்டன. ஆயினும், கரைக் களிமண்ணுள் பதுங்கியிருந்த இளம்பூச்சிகள் பல பிழைத்தன. ஏனைய ஆறுகளில் இவ்வினத்திற்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. நெதர்லாந்து அறிஞர் யான் சுவாமர்டாம், தம் நாட்டு ஆற்றில் கண்ட இப்பூச்சியை அறுத்து ஆராய்ந்து 1675இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட ஆறுகள் பின்னர் மாசடைந்தன. கரைகள் கல்லால் கட்டப்பட்டன. வளை தோண்டக் களிமண் இல்லாத அக்கரைகளிலிருந்து இப்பூச்சி மறைந்தது. இன்று இதன் பெருங்கூட்டத்தைக் காண விழைவோர், ஜூன் மாலையில் திஸாக் கரைக்கே செல்கின்றனர்.