பன்றிக் காதும் பட்டுப் பையும்



விஞ்ஞானம் பயின்றவர் கல்லூரியிலோ தொழிற்சாலையிலோதான் வேலை பார்க்க வேண்டும் என்பதில்லை. பிறருடைய சிக்கல்களைக் கட்டணம் பெற்று ஆராய்ந்து, ஆலோசனை கூறும் நிறுவனங்களும் உண்டு. அவற்றுள் பழமையான ஒன்றை, 1886இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆர்தர் லிட்டில் என்ற வேதியியலார் ரோஜர் கிரிஃபின் என்பவருடன் கூட்டாகத் தொடங்கினார்.

‘பன்றிக் காதிலிருந்து பட்டுப் பை செய்ய முடியாது’ என்பது ஓர் ஆங்கிலப் பழமொழி. 1921இல் லிட்டிலின் நிறுவனத்தார் அதையே செய்து காட்டினர். எப்படி? பட்டு ஒரு புரதம். பன்றிக் காதைக் காய்ச்சினால் கிடைக்கும் பசையும் புரதமே. பட்டுப்புழு தன் உடலிலுள்ள புரதக் கூழை நுண்துளை வழியே வெளியேற்றி இழையாக்குகிறது அல்லவா? அவ்வாறே, சுமார் 45 கிலோ காதுகளிலிருந்து எடுத்த பசையை நுண்துளைகள் வழியே பிதுக்கி, கெட்டிப்படுத்தி, சாயமேற்றி, இழைகளைப் பையாக நெய்தனர்!

இத்தகைய நிறுவனத்தில் பணிபுரிவதன் நன்மை இதுதான். இன்று காகிதம், நாளை உணவு, மறுநாள் உலோகம் எனப் புதுப்புதுச் சிக்கல்கள் வரும். வேதியியலாரும் பொறியியலாரும் பொருளியலாரும் ஒரே மேசையில் அமர்ந்து ஆராய்வார்கள். சில ஆண்டுகளிலேயே பல துறைகளின் அறிவு வாய்க்கும்.

குறைகளும் உண்டு. எதை ஆராய்வது என்பதைக் கட்டணம் தருபவரே தீர்மானிப்பார். ஒன்றை ஆழ்ந்து அறிவதற்குள் கெடு முடிந்துவிடும். முடிவுகள் பெரும்பாலும் இரகசியமாகவே இருக்கும். உங்கள் பெயரில் வெளியிட இயலாது. ஆலோசனை கேட்டவர் அதைப் பின்பற்றாமலும் போகலாம். வருவாயும் நிலையானதன்று. லிட்டில் தொடங்கிய நிறுவனமே 2002இல் திவாலாகிப் பிறர் கைக்கு மாறியது.

எல்லாவற்றிலும் கடினமான சோதனை ஒன்று உண்டு. ஒரு சாயப்பட்டறை, தன் கழிவுநீர் தீங்கற்றதா என்று உங்களைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். தீங்கானது என்று ஆய்வு காட்டுகிறது. கட்டணம் தருபவர் பட்டறைக்காரர். கிணற்று நீரைக் குடிப்பவர்களோ ஊரார். அறிக்கையை எப்படி எழுதுவீர்கள்? கண்டதைக் கண்டபடி எழுதினால் அடுத்த வேலை கைநழுவலாம். மழுப்பி எழுதினாலோ, ஆய்வு செய்ததற்கே பொருளில்லை.

இத்துறையை விரும்புவோர் ஏதேனும் ஒரு பாடத்தையாவது ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். தெளிவாக எழுதப் பழகுங்கள். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, வந்த அளவீட்டையே குறிப்பேட்டில் எழுதுங்கள். மேற்சொன்ன சோதனைக்கு அதுவே முதற்பயிற்சி.