சைக்கிள் கிளம்புவது முந்தைய இரவில்

சென்னையில் சூரியன் மிக முந்தி உதிப்பது மே மாதக் கடைசியில், 5.42 மணியை ஒட்டி. மிகப் பிந்தி உதிப்பது ஜனவரி கடைசியில், 6.35 வாக்கில். வருடம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. லண்டனில் இது கடிகாரக் கணக்கிலேயே 3 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் அங்கே விடியவே 8 மணி ஆகிவிடும் என்பதால், வேலைக்குப் போகிறவர் முழு இருட்டில்தான் சைக்கிளை எடுத்தாக வேண்டும். சென்னைக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. சூரியன் உதிப்பதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பே சாலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். பிள்ளையின் பள்ளி வேன் வருவதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்ப, வருடத்தின் எந்த மாதத்திலும் வழி இருக்கிறது.

கோடையில் வேறு வழியே இல்லை என்றும் சொல்லலாம். மே மாதம் 8 மணி வெயிலில் மிதித்தவர்கள் மறுவாரம் தாமாகவே அலாரத்தை முன்னுக்கு இழுத்து வைப்பார்கள்.

இந்த நேரத்தின் அருமை தெரிந்த கூட்டம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. கோவையில் சிறுவாணி சாலை, மதுரையில் அழகர்கோவில் சாலை, திருச்சியில் முக்கொம்பு போகும் வழி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விடியற்காலைப் பாதை உண்டு. சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை. முதலமைச்சராகப் பொறுப்பேற்ற சில வாரங்களில், 2021 ஜூலையில், மு.க.ஸ்டாலின் அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிய படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அப்போது மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவர். அதே காலத்தில்தான், கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும் கியர் சைக்கிள் வாங்கக் கடைகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். அப்படி வாங்கிய சைக்கிள்களில் எத்தனையோ இன்று அடுக்குமாடி வீட்டு பால்கனிகளில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நிற்கின்றன. ஓட்டியவருக்கு ஆசை போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. வேலையும் வீடும் முழு வேகத்துக்குத் திரும்பியபோது, சைக்கிளுக்கு வேண்டிய ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் இடம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம். திருவான்மியூரில் வீடு, சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், 7.30-க்கு வேன். இப்படி ஒருவர் 6.45-க்குள் வீட்டுக்குள் இருந்தால்தான் காலை நேரம் குலையாது. 5.10-க்குக் கிளம்பினால் கையில் இருப்பது 95 நிமிடம். மணிக்கு 22 கிலோமீட்டர் என்ற சாதாரண வேகத்தில் சுமார் 35 கிலோமீட்டர். முட்டுக்காடு வரை போய்வந்தால் 40-ஐ ஒட்டி வரும், ஆக அது வார நாளுக்கான ஊர் இல்லை. உத்தண்டி சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பினால் 30-க்குள் முடிந்துவிடும், ஒரு பங்சர் ஒட்டுவதற்கும் நேரம் மிஞ்சும். பின் சக்கரத்தைக் கழற்றி, ட்யூப் மாற்றி, கை பம்பில் காற்றடிக்கப் பழகியவருக்கே கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணியை விட்டுவைக்காமல் தூரத்தைத் தீர்மானிக்கிறவர்தான் ஏதாவது ஒரு நாள் நடுரோட்டில் நின்று வீட்டுக்கு போன் போடுகிறார்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று வீசும். தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளுவதால் வேகம் தானாக ஏறும், இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். போவதற்கு 35 நிமிடம் ஆன தூரம் வருவதற்கு 45 நிமிடம் பிடிக்கும். அந்த மாதங்களில் கிலோமீட்டரைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புவதே அனுபவசாலிகளின் பழக்கம்.

ஆனால் இந்தப் பயணம் நடக்குமா நடக்காதா என்பது விடியற்காலை 5 மணிக்குத் தீர்மானமாவதில்லை. முந்தைய இரவு 9 மணிக்கே தீர்மானமாகிவிடுகிறது.

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் அளவு. 4.40-க்கு எழ வேண்டுமானால் 9.40-க்குக் கண் மூடியிருக்க வேண்டும். சென்னையின் வேலை நேரங்கள் இங்கேதான் குறுக்கே வருகின்றன. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால், கோடையில் நமக்கு மாலை 6.30. கலிபோர்னியாவில் காலை 9 என்றால் நமக்கு இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதும், இங்கே எல்லா அழைப்புகளும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கலிபோர்னியக் குழுவோடு வேலை செய்கிறவருக்கு மீட்டிங் தொடங்கவே இரவு 10.30 ஆகிவிடும். இதில் ஒரே ஆறுதல், அந்த மாதங்களில் சென்னையின் சூரியனும் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வருகிறது என்பதே. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர், தூக்கத்தை அறுத்து சைக்கிளுக்குக் கொடுப்பது எந்த விதத்திலும் உடம்புக்கு நல்லதில்லை. அப்படிப்பட்டவர் வார நாளை விட்டுவிட்டு, மறுநாள் விடுமுறையாக உள்ள இரவுகளை மட்டும் தேர்ந்தெடுப்பதே சரி.

மற்றவர்களுக்கு அந்த 9 மணியில் செய்ய வேண்டியவை சில்லறை வேலைகள்தான். டயரில் காற்று பார்ப்பது, விளக்குகளை சார்ஜில் போடுவது, தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பது, உடைகளைக் கூடத்திலேயே எடுத்து வைப்பது. இருட்டில் அலமாரியைத் திறந்து தேடினால் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். எழுந்த குழந்தையை விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போவது நியாயமில்லை. இதையெல்லாம் முதல் நாளே முடித்தவர் எழுந்த 20 நிமிடத்தில் தெருவில் இருப்பார்.

எவ்வளவு ஓட்டினால் போதும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும், கடுமையாகச் செய்வதானால் அதில் பாதி போதும். வாரத்தில் மூன்று நாள் 50 நிமிடம் மிதித்தாலே அந்தக் கீழ் எல்லையைத் தொட்டாயிற்று. தினமும் 40 கிலோமீட்டர் என்று சபதம் எடுக்கத் தேவையே இல்லை. பிரிட்டனில் சுமார் 2.6 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காரிலோ பொதுப் போக்குவரத்திலோ வேலைக்குப் போனவர்களைவிட, சைக்கிளில் போய்வந்தவர்களுக்கு அந்த ஆய்வுக் காலத்தில் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லிவிடாது. ஆனால் அவர்கள் பந்தய வீரர்கள் இல்லை, அலுவலகத்துக்குப் போய் வந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. 10 கிலோமீட்டருக்குள் அலுவலகமும் அங்கே ஒரு குளியலறையும் இருக்கிறவர், தனியாக நேரம் தேடாமல் போகிற வழியிலேயே வாரக் கணக்கை முடித்துவிடலாம்.

இனி, இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பகுதி. காலை 5-லிருந்து 7 வரை வீட்டில் யாருக்கும் வேலை இல்லை என்பது, அந்த வேலையைச் செய்யாதவர்களின் எண்ணம் மட்டுமே. பால் காய்ச்சுவது, மாவை எடுத்து வெளியே வைப்பது, குக்கர் வைப்பது, நான்கு டிபன் பாக்ஸுக்கான சமையல், சீருடைக்கு இஸ்திரி, பிள்ளைகளை எழுப்புவது என அத்தனையும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவது தெரியவந்தது. அப்படி ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். கணவர் உத்தண்டி போய்வந்த 95 நிமிடமும் இந்தக் கணக்குக்குள்தான் எங்கோ இருக்கிறது. அவர் திரும்பி வரும்போது இட்லி தயாராக இருந்தால், அதைத் தயாரித்தவர் ஒருவர் இருக்கிறார்.

பெண் ஓட்ட நினைத்தாலோ இரண்டு பக்கமும் வழி அடைபடுகிறது. இருட்டில் தனியாகப் போவது பாதுகாப்பில்லை என்பதால் வெளிச்சம் வந்த பிறகே கிளம்ப வேண்டும். வெளிச்சம் வரும் நேரமோ அடுப்படி சூடு பிடிக்கும் நேரம். ஐந்து மணிக்குக் கிளம்பும் சுதந்திரம் ஆணுக்கு இருப்பதும், ஆறு மணிக்குக்கூட அது பெண்ணுக்கு இல்லாததும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது.

இதைச் சரிசெய்த குடும்பங்கள் நாளைப் பிரித்துக்கொள்கின்றன. செவ்வாயும் வியாழனும் ஒருவருக்கு, புதனும் வெள்ளியும் மற்றவருக்கு. அவர் ஓட்டும் நாளில் காலை முழுவதும் இவர் பொறுப்பு. பொறுப்பு என்றால் வெங்காயம் நறுக்கித் தருவதோடு முடிவதில்லை. என்ன சமைப்பது என்று முதல் நாள் இரவே யோசிப்பது, தேங்காய் இருக்கிறதா என்று பார்ப்பது, சின்னவனின் தண்ணீர் பாட்டிலை நினைவாகப் பையில் வைப்பது எல்லாம் அதில் சேரும். வெளியே போனவருக்கு "உப்பு எங்கே இருக்கிறது?" என்று போன் போகக் கூடாது. இந்த ஏற்பாடு ஒரு மாதம் நிலைத்துவிட்டால் பால்கனி சைக்கிளுக்குத் துருப்பிடிக்காது.

சைக்கிளும் பெண்களின் நேரமும் என்றாலே தமிழ்நாட்டில் புதுக்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் வைத்து, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துப் போனார்கள். பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமானது. அங்கே சைக்கிள் பெண்ணுக்கு நேரத்தைக் கொடுத்தது. நகரத்துக் குடும்பத்திலோ சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே அந்த நேரத்தை யாராவது கொடுத்தாக வேண்டியிருக்கிறது. 2000-களின் நடுவில் பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா சைக்கிள் வாங்கிய பெண்கள் இன்று முப்பதுகளின் நடுவில், பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களாக இருக்கிறார்கள். ஓட்டத் தெரியாது என்ற பேச்சுக்கு அவர்களிடம் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேறு கதை. நெடுந்தூரப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு 'பிரெவே' என்ற வகை ஓட்டம் உண்டு. பிரான்ஸிலிருந்து வந்த முறை, பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை, நேரக் கெடு மட்டும்தான். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300-ஐ 20 மணி நேரத்தில், 600-ஐ 40 மணி நேரத்தில். அருமையான பயிற்சிதான். ஆனால் 200 கிலோமீட்டர் என்றால் குடும்பத்துக்கு அந்த ஞாயிறு முழுக்கப் போயிற்று, திங்கட்கிழமை பாதி சோர்வில் போயிற்று. வருடத்துக்கு இரண்டு மூன்று என்று முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்து, கல்யாணம், காதுகுத்து, பரீட்சை எதுவும் அன்றைக்கு இல்லை என்று வீட்டில் கேட்டுவிட்டுப் பெயர் கொடுப்பதே முறை.

கடைசியாக, சாலை. சாலை விபத்துகளில் தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். நாட்டில் அதிக விபத்துகள் நடப்பது மாலை 6 முதல் 9 வரை என்பதால், விடியற்காலை ஒப்பீட்டளவில் நல்ல நேரம். ஆனால் சாலை காலியாக இருப்பதாலேயே கார்கள் பறக்கின்றன. பல சிக்னல்கள் மஞ்சளில் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். இரவு முழுக்க ஓட்டிக் களைத்த டிரைவர்களும் அதே சாலையில்தான் வருகிறார்கள். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, ஹெல்மெட் ஆகிய மூன்றும் இல்லாமல் தெருமுனையைத் தாண்டக் கூடாது. நாய் துரத்தினால் வேகமெடுப்பதைவிட, இறங்கி சைக்கிளை இடையில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அந்த நேரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உடற்பயிற்சிக்காரர்கள் மட்டுமில்லை. பேப்பர் போடும் பையன்கள், பால் பாக்கெட் கொண்டுபோகிறவர்கள், ஆறு மணி ஷிப்ட் மாற விரையும் செக்யூரிட்டிகள், துப்புரவுப் பணியாளர்கள் என்று உடற்பயிற்சிக்கு இல்லாமல் பிழைப்புக்கு மிதிக்கிறவர்கள் பல பத்தாண்டுகளாக அதே சாலையில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலரின் சைக்கிளில் விளக்கே இல்லை. புதிய சைக்கிள்களில் பொருத்தும் ரிஃப்ளெக்டர்களின் தரத்துக்கு மத்திய அரசு 2020-ல் ஓர் ஆணை பிறப்பித்தது, அது பழைய வண்டிகளுக்கு எந்த விதத்திலும் உதவாது. ஞாயிறுதோறும் கூட்டமாகப் போகும் சைக்கிள் குழுக்கள் ஆளுக்கொரு பின்விளக்கு கூடுதலாக வாங்கி, வழியில் சந்திக்கும் பேப்பர்காரரின் கேரியரில் மாட்டிவிட்டுப் போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை 5 முதல் 7 வரை வேகக் கட்டுப்பாட்டைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி காவல்துறையிடம் கேட்கும்போது, அந்த மனுவில் செக்யூரிட்டிகளின் கையெழுத்தும் பால்காரர்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.