பார்வைத்தட்டு வீக்கமும் புத்தளக் கரையோர உழைப்பாளரும்

நோய் உடலிலே தோன்றுகிறது. ஆயின் அது எப்பொழுது இனங்காணப்படுகிறது என்பதைச் சமூக நிலைமைகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன. மண்டையோட்டினுள் அமுக்கம் உயர்வதால் ஏற்படும் பார்வைத்தட்டு வீக்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

விழியிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடமே பார்வைத்தட்டு. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள பாய்பொருள் அந்நரம்பின் உறையினுள்ளும் பரந்துள்ளது. ஆகவே மூளைக்கட்டி, மூளையுறை அழற்சி, மூளை நாளங்களில் இரத்த உறைவு முதலியவற்றால் தலையினுள் அமுக்கம் கூடும்பொழுது அது உறைவழியே நரம்பை நெருக்குகிறது. நரம்பிழைகளினூடு நிகழும் பொருட்கடத்தல் தடைப்படத் தட்டு வீங்குகிறது. பெரும்பாலும் இரு கண்களிலும் இது காணப்படும்.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழியின் உட்புறத்தை நோக்கும் கருவியை வெளிப்படுத்தினார். 1860இல் கிரேஃபே இவ்வீக்கத்தை மூளைநோயுடன் தொடர்புபடுத்தினார். பஞ்சாபிற் பிறந்த சோகன் சிங் ஹேரே 1960களில் குரங்குகளில் நிகழ்த்திய ஆய்வுகள், நரம்புறைவழி அமுக்கம் கடத்தப்படுவதன் முதன்மையைத் தெளிவுறுத்தின. மண்டையோட்டைத் திறவாமலே உள்ளிருக்கும் ஆபத்தை அறிய இவ்வாறு வழி பிறந்தது.

எனினும் தொடக்கத்திற் பார்வைக் கூர்மை பெரும்பாலும் குறைவதில்லை. எழுத்துப் பலகையை நோயாளி பிழையின்றி வாசிப்பார். தலையிடியும், குனியும்போதோ எழும்போதோ சில விநாடிகள் கண் இருண்டு தெளிதலுமே முன்னறிகுறிகளாகலாம். சிகிச்சை தாமதித்தால் நரம்பு நலிந்து, பார்வைப்புலம் ஓரங்களிலிருந்து சுருங்கும். இழந்த பார்வை மீளாது.

புத்தளத்து உப்பளங்களில் உப்பு வாருபவரும் கற்பிட்டிக் கரையில் வலை இழுப்பவரும் நாள்முழுதும் குனிந்து நிமிர்பவர்கள். இவ்வறிகுறி அவர்களது உழைப்பின் நடுவிலேயே தோன்றும். அதனாலேயே வெயிலின் கடுமையென்றோ களைப்பென்றோ அது ஒதுக்கப்படவும் கூடும். அரசாங்க மருத்துவமனையிற் கட்டணமில்லை என்பது உண்மையே. ஆனால் நாட்கூலியை இழப்பதும் பயணச்செலவும் நோயாளியையே சாரும். மூளை அறுவைச் சிகிச்சை வேண்டின், ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பு போன்ற நகரத்தை நாட நேரிடும்.

மொழியும் இங்கு முக்கியமானது. தட்டின் வீக்கத்தை மருத்துவர் கருவியாற் காண்பார். கண் இருண்டு தெளிந்ததை நோயாளியே சொல்லவேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்ததும் நூல்களைத் தமிழாக்கியதும் வெறும் மொழிப்பற்றால் விளைந்தவையல்ல. மருத்துவ அறிவு மக்களைச் சென்றடைய அவர்தம் மொழி இன்றியமையாதது என்ற உணர்வின் விளைவுகளாகும்.

எனவே நோயாளியின் அறியாமையைப் பழிப்பது விஞ்ஞான நோக்காகாது. தொடர்ந்த தலையிடியுடன் வருவோரிடம் "குனிந்தெழும்பும்போது கண் இருட்டுகிறதா?" என அவர்தம் மொழியில் வினவுதலும், விழியின் உட்புறத்தை நோக்குதலும் கரையோர மருத்துவ நிலையங்களில் வழக்கமாதல் வேண்டும். அதற்குத் தேவையான கருவி கையடக்கமானது. அதனைக் கையாளும் பயிற்சியையும், கூலியிழப்பின்றி மருத்துவரை நாடும் உரிமையையும் உறுதிப்படுத்துவது சமூகத்தின் கடமையாகும்.