ஊருக்குச் செல்லாத விடுமுறை
மும்பையில் இரயிலிலும் பேருந்திலும் குடும்பமாய்ச் சுற்றிவர ஒரு வழிகாட்டல்



ஏப்ரல் பிறந்துவிட்டால் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதற்கேள்வி, "ஊருக்குச் சீட்டு கிடைத்ததா?" என்பதே. முன்பு 120 நாட்களாக இருந்த இரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. கோடை விடுமுறையில் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் வண்டிகளில் இடம் கிடைப்பது எளிதன்று. சீட்டு கிடைக்காத இல்லங்களில் பிள்ளைகள் விடுமுறை முழுவதையும் ஒற்றை அறைக்குள், தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் முன்பாகக் கழிக்கின்றனர்.

இந்நகருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆன குடும்பங்களிலும், பைகுலா உயிரியல் பூங்காவை ஒருமுறையேனும் பார்த்திராத பிள்ளைகள் உண்டு. தகப்பனுக்கு இந்நகரம் வேலைக்குச் செல்லும் வழி. தாய்க்கு அது சந்தைக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தெரு. பிள்ளைகளுக்கோ இதுதான் பிறந்த ஊர். பிறந்த ஊரை அவர்களுக்குக் காட்டுவது பெற்றோரின் கடமைகளுள் ஒன்று அல்லவா?

அதற்குக் காரும் வேண்டியதில்லை, பெருந்தொகையும் வேண்டியதில்லை. ஆயினும் திட்டம் வேண்டும். எந்த இடத்தைப் பார்ப்பது என்று பலரும் முதலில் யோசிக்கின்றனர். மும்பையில் எந்த வண்டியில், எந்த நேரத்தில் செல்வது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நேரம் அறிந்து புறப்படுங்கள்

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் தூரம் ஓடிய வண்டியே இந்தியாவின் முதற் பயணிகள் இரயில். அதே தடத்தை உள்ளடக்கிய மும்பையின் மின்சார இரயில்களில் இன்று நாள்தோறும் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் பயணம் செய்கின்றனர். காலை 8 முதல் 11 மணி வரை தெற்கு நோக்கியும், மாலை 5 முதல் இரவு 9 மணி வரை வடக்கு நோக்கியும் வரும் வண்டிகளில் சிறுபிள்ளைகளுடன் ஏறுவது ஆபத்தானது. ஆகவே காலை 7 மணிக்கு முன் புறப்பட்டு, மாலை 4 மணிக்குள் திரும்பும் வண்டியில் அமர்ந்துவிடுவது நலம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் குறைவு என்று எண்ணுகிறோம். ஆனால் தண்டவாளப் பராமரிப்புக்காக "மெகா பிளாக்" அறிவிக்கப்படுவது பெரும்பாலும் அந்நாளில்தான். முற்பகல் 11 மணியை ஒட்டித் தொடங்கிப் பிற்பகல் 4 மணி வரையிலும் வண்டிகள் குறையும். சில நிலையங்களில் நில்லாமலும் போகும். ஞாயிறு ஆராதனை முடித்து நண்பகலில் புறப்படுவோர் இந்த நேரத்தில்தான் அகப்பட்டுக்கொள்கின்றனர். எந்தத் தடத்தில் பிளாக் என்பதைச் சனிக்கிழமையே செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். இயலுமானால் பயணத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுடன் செல்கையில் விரைவு வண்டியைக் காட்டிலும் எல்லா நிலையங்களிலும் நிற்கும் "ஸ்லோ" வண்டியே நல்லது. ஓடும் வண்டியில் ஏறுவது, கதவருகே தொங்குவது, தண்டவாளத்தைக் கடப்பது ஆகிய மூன்றையும் குடும்பத்தில் எவரும் செய்யலாகாது. தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே, கதவோரம் நின்று பயணித்தவர்கள் ஓடும் வண்டிகளிலிருந்து விழுந்ததில் சிலர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு வண்டி போனால் சில நிமிடங்களில் அடுத்தது வரும். தகப்பன் ஓடி ஏறினால் மகனும் அதையே கற்றுக்கொள்வான்.

கதவு மூடும் வண்டிகளும் நமக்கு உண்டு. குளிர்சாதன மின்சார இரயில் 2017 டிசம்பர் 25 முதல் ஓடுகிறது. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ 3ஆம் தடம் 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. தாராவி, தாதர், அறிவியல் மையம், சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் ஆகியவை இத்தடத்தில் உள்ளன. நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தடுப்புக் கதவுகள் இருப்பதால் கைக்குழந்தையுடனும் முதியோருடனும் செல்வோருக்கு இது மிகவும் ஏற்றது. கட்டணம் மின்சார இரயிலைவிட அதிகம். செல்லும்போது இரயில், களைத்துத் திரும்பும்போது மெட்ரோ என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரிந்துபோனால் என்ன செய்வது?

மும்பை இரயிலில் குடும்பம் இரண்டாகப் பிரிவது இயல்பு. தாயும் பெண்பிள்ளைகளும் மகளிர் பெட்டியிலும், தகப்பனும் வளர்ந்த மகன்களும் பொதுப்பெட்டியிலும் ஏறுகின்றனர். வண்டி நிற்பதோ அரை நிமிடம். ஒருவர் ஏறி மற்றவர் நின்றுவிடுவது எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடும்.

எருசலேமிலிருந்து திரும்பும் வழியில், பன்னிரண்டு வயதுப் பிள்ளை உறவினர் கூட்டத்தோடு வருகிறார் என்று எண்ணி, பெற்றோர் ஒருநாள் பயணதூரம் நடந்துவிட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். இருவரும் கவலையற்ற பெற்றோர் அல்லர். மற்றவரோடு இருப்பான் என்று இருவருமே எண்ணுவது கூட்டுப் பயணங்களில் இன்றும் நேர்வதே. ஆகவே எந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு என்பதை வீட்டிலேயே பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அத்துடன் பின்வரும் ஒழுங்கை எல்லாரும் மனப்பாடம் செய்யட்டும். நடைமேடையில் விடப்பட்டவர் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. வண்டியில் போய்விட்டவர் அது நிற்கும் அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கே இறங்கியவர் பெரியவரானால் உடனே திரும்பி வர வேண்டும். பிள்ளையானால் இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும், பெற்றோர் அடுத்த வண்டியில் அங்கே செல்ல வேண்டும். தனியே இறங்கத் தெரியாத சிறுபிள்ளையின் கையைப் பெரியவர் விடவே கூடாது.

ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்கு இந்தியோ மராத்தியோ தெரியாது. அவர்களுடைய சட்டைப்பையில் பெற்றோர் இருவரின் தொலைபேசி எண்களையும், இறங்கவேண்டிய நிலையத்தின் பெயரையும் தமிழிலும் இந்தியிலும் எழுதி வையுங்கள். கைபேசி மின்னூட்டம் இழந்தாலும் தாள் உதவும். இரயில்வே உதவி எண் 139, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர எண் 112 ஆகியவை அத்தாளிலேயே இருக்கட்டும்.

சந்திக்கும் இடத்தையும் ஐயமின்றிக் குறிப்பிடுங்கள். தாதரில் முன்பு இரு இரயில்வேக்களுக்கும் தனித்தனியே ஒன்றாம் நடைமேடை இருந்தது. 2023 டிசம்பர் முதல் மேற்கு இரயில்வேக்கு 1 முதல் 7 வரை, மத்திய இரயில்வேக்கு 8 முதல் 14 வரை என எண்கள் மாற்றப்பட்டன. பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும் உறவினருக்கு இதைச் சொல்ல மறவாதீர்கள்.

ஒரு நாளுக்கு ஓரிடம்

ஒரே நாளில் நகரம் முழுவதையும் காட்ட முயல்வோர் பிள்ளைகளின் அழுகையோடுதான் வீடு திரும்புகின்றனர். ஒரு நிலையத்தைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து நடந்து பார்க்கக்கூடியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலாவது, பைகுலா. நிலையத்தின் கிழக்கே நடைதூரத்தில் ராணி பாக் என்று மக்கள் அழைக்கும் உயிரியல் பூங்கா உள்ளது. பென்குயின்கள் 2017 முதல் இங்கே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அருகிலேயே பாவு தாஜி லாட் அருங்காட்சியகம். இரண்டுக்கும் புதன்கிழமை விடுமுறை.

இரண்டாவது, சி.எஸ்.எம்.டி. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்நிலையத்தைத் தகப்பன்மார் அன்றாடம் கடந்தாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாலையின் எதிர்ப்புறம் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கிருந்து பெஸ்ட் பேருந்தில் 1924இல் கட்டி முடிக்கப்பட்ட இந்திய நுழைவாயிலுக்குச் செல்லலாம்.

மூன்றாவது, போரிவலி. கிழக்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும், அதனுள் நூற்றுக்கும் மேற்பட்ட கன்ஹேரிக் குகைகளும் உள்ளன. சிறுத்தைகள் வாழும் காடு இது, பாதையைவிட்டு விலகாதீர்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

கடலும் மழையும்

நுழைவாயிலிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2024 டிசம்பர் 18 அன்று அவ்வழியில் சென்ற "நீல் கமல்" படகின்மீது கடற்படையின் அதிவேகப் படகு மோதியதில் 15 பேர் உயிரிழந்தனர். உயிர்காப்பு உடை அணிவிக்காத படகில் ஏறாதீர்கள். பிள்ளைக்குப் பொருந்தும் அளவில் உடை இல்லையெனில் திரும்பி விடுங்கள். தீவு அங்கேதான் இருக்கும். குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் செயலற்றுப்போனதை முதியோர் நன்கு அறிவர். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே வேளையில் வரும் நாட்களில் வெள்ளம் வடியாது. அந்நாட்களில் வெளியே செல்ல வேண்டாம். மெரின் டிரைவின் கான்கிரீட் பாறைகளில் எந்நாளிலும் இறங்க வேண்டாம்.

செலவு எவ்வளவு?

மின்சார இரயிலில் இரண்டாம் வகுப்பின் குறைந்த கட்டணம் 5 ரூபாய். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணமில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பாதிக் கட்டணம். தகப்பனின் மாதச் சீட்டு அதே தடத்தில் விடுமுறை நாளிலும் செல்லும். பெஸ்ட் சாதாரணப் பேருந்தின் குறைந்த கட்டணம் 2025 மே மாதத்தில் 10 ரூபாய் ஆயிற்று. தண்ணீரையும் புளிச்சோற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றால் பெரும்பகுதிச் செலவு நின்றுவிடும். அவ்வாறு கட்டிக்கொடுக்கும் தாய், விடுமுறை நாளிலும் விடியற்காலை நான்கு மணிக்குத் தனியே அடுப்படியில் நிற்காதபடி, முந்தின இரவே எல்லாரும் கைகொடுங்கள். அவருக்கும் அது விடுமுறையே.

அன்பானவர்களே, ஊருக்குப் போகும் பயணம் இவ்வாண்டு கைகூடாமற் போகலாம். அதனால் பிள்ளைகளின் விடுமுறை வீணாக வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓரிடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், இன்றிரவே பிள்ளைகளை அமரவைத்து, பிரிந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் அன்றாடம் நின்றுகொண்டே செல்லும் அந்த வண்டியில், ஒருநாள் அவர்களைச் சன்னலோரம் அமர்த்தி அழைத்துச் செல்லுங்கள்.