கருவினுள் ஒரு சாவிக்கொத்து

பூட்டின் வலிமை பற்றிப் பேசுவோர் பலர். சாவியைப் பேணும் முறை பற்றிச் சிந்திப்போர் சிலர். சாவி பிறர் கையிற் சிக்கிவிடின் எத்துணை உறுதியான பூட்டும் பயன்படாது. கணினியுலகிலும் இதுவே நிலை. அங்குச் சாவிகளைப் பேணுதற்கென வகுக்கப்பட்டுள்ள ஒழுங்குமுறை ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

மறைகுறியும் திறவுகோலும்

'சாவி' போர்த்துகீசியர் வழி நம்மிடம் வந்த சொல். 'திறவுகோல்' தமிழ்ச் சொல். கணினித் துறையில் திறவுகோல் எனப்படுவது இரும்பாலானதன்று. அது ஒரு பேரெண். ஒரு மடலையோ படத்தையோ அவ்வெண்ணைக் கொண்டு கணக்கிட்டு உருமாற்றினால், காண்பார்க்குப் பொருள் விளங்காத மறைகுறியாகிவிடும். உரிய எண்ணை உடையவரே அதனை மீளப் படிக்கவியலும். மறைக்கும் முறை பகைவர்க்குத் தெரிந்துவிடினும் தீங்கு நேரலாகாது, திறவுகோல் ஒன்றே மறைவாயிருத்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை டச்சு நாட்டு அறிஞர் கெர்க்ஹாஃப்ஸ் 1883-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். இன்றும் அத்துறையார்க்கு அதுவே அடிப்படை. அங்ஙனமாயின், அந்தத் திறவுகோலை எங்கே வைப்பது? இதுவே தலையாய வினா.

கரு என்பது யாது?

கணினியை ஆள்வது இயங்குதளம். அதன் நடுவில் நின்று, நினைவகத்தையும் பிற உறுப்புகளையும் நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் பகுதியை ஆங்கிலத்தார் 'கெர்னல்' என்பர். கொட்டையினுள் இருக்கும் பருப்புக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. பயனர் கட்டளையிடும் வெளிப்பகுதியை 'ஷெல்', அதாவது ஓடு, என்று அவர்கள் வழங்குவதும் இதனோடு பொருந்தும். நாம் உட்பகுதியைக் கரு எனலாம்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் கரு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுள் இயங்குவது அதுவே. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் அதன்மேல் எழுந்ததே. இக்கருவினுள் திறவுகோல்களைப் பேணும் பகுதியை டேவிட் ஹவல்ஸ் என்பார் எழுதினார். 2004 டிசம்பரில் வந்த 2.6.10-ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது.

திறவுகோலை ஒவ்வொரு நிரலும் தானே வைத்துக்கொண்டால் என்ன எனக் கேட்கலாம். நிரலில் ஓட்டை இருப்பின் திறவுகோலும் அவ்வழியே ஒழுகிவிடும். நினைவகத்தில் இடம் போதாதபோது நிரலின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்படுவதும் உண்டு. அதனுடன் திறவுகோலும் வட்டிற் படிந்துவிடக்கூடும். கருவின் நினைவகமோ அவ்வாறு வட்டுக்குப் பெயர்க்கப்படுவதில்லை. பிற நிரல்கள் அதனுள் எட்டிப் பார்க்கவும் இயலாது.

கொத்தின் இலக்கணம்

தோட்டத்து அலுவலகம் ஒன்றை உவமையாகக் கொள்வோம். ஸ்டோர், ஆலை, ஆயாக்கொட்டகை எனப் பல கதவுகளின் சாவிகள் பெரிய கிராணியின் பொறுப்பில் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் எண் தொங்குகிறது. இன்னாருக்கு இன்ன சாவி, இன்ன நேரம்வரை என்று வரையறை உண்டு. லினக்ஸ் கரு செய்வதும் ஏறத்தாழ இதுவே.

கருவிலுள்ள ஒவ்வொரு திறவுகோலுக்கும் வரிசையெண், வகை, விளக்கப்பெயர், உரிமையாளர், காலாவதி ஆகியவை உண்டு. அவற்றைக் கோத்து வைப்பது சாவிக்கொத்து. நிரலின் ஓர் இழைக்கென ஒரு கொத்து, முழு நிரலுக்கென ஒரு கொத்து, பயனர் உள்நுழைந்த அமர்வுக்கென ஒரு கொத்து, பயனருக்கென ஒரு கொத்து எனப் பலவகைப்படும். ஒரே திறவுகோல் பல கொத்துகளில் இணைந்திருக்கலாம். ஒரு கொத்தினுள் இன்னொரு கொத்தும் அடங்கலாம். நிரல் முடிந்தால் அதற்கே உரிய கொத்தும் அழியும்.

உரிமைகள் ஆறு: இருப்பதைக் காணல், உள்ளீட்டைப் படித்தல், எழுதுதல், தேடல், இணைத்தல், இயல்பை மாற்றல். இவை கையில் உடையவர், உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் நால்வகையார்க்கும் தனித்தனியே வழங்கப்படும். 'லாகான்' எனப்படும் வகைத் திறவுகோலின் உள்ளீட்டையோ, அதனை வைத்த நிரலாலும் திரும்பப் படிக்க இயலாது. கருவே எடுத்துப் பயன்படுத்தும். ஒருவர் அளவின்றிச் சேர்த்து நினைவகத்தை நிரப்பாதவாறு, பொதுப் பயனர்க்கு 200 திறவுகோல்கள் என்னும் வரம்பும் இயல்பாக வைக்கப்பட்டுள்ளது.

எண்ணிக்கை பிழைத்த கதை

இத்துணைக் காவலிருந்தும் 2016 ஜனவரியில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. ஒரு கொத்தை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்று கரு எண்ணி வைக்கும். அவ்வெண் பூச்சியமானால், வேண்டுவார் இல்லையென்று கொத்தை அழித்து இடத்தை விடுவிக்கும். நிரலொன்று தன் அமர்வுக் கொத்தை நீக்கி, மீண்டும் அதே கொத்தையே கேட்டுப் பெறும்போது, எண்ணிக்கையில் ஒன்று கூடும். கழிக்க வேண்டிய ஒன்று கழிக்கப்படாது போயிற்று. 2013-இல் வந்த 3.8-ஆம் பதிப்பு முதல் இப்பிழை கருவில் உறங்கிக்கிடந்தது.

ஒன்று மிகுவதால் என்ன கேடு எனலாம். பழைய லாரியின் மீட்டர் 99999 மைலைக் கடந்ததும் 00000 எனக் காட்டுவதை எண்ணிப் பார்க்க. கருவின் மீட்டர் 32 இருமக் கூறுகளைக் கொண்டது. 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் முறை ஏறினால் பூச்சியத்துக்குத் திரும்பும். தீயோன் ஒருவன் அத்தனை முறை சுழற்றிவிட்டால், பயன்பாட்டில் இருக்கும் கொத்தையே கரு அழித்துவிடும். காலியான இடத்தில் தன் சரக்கை வைத்து, அவன் கணினி முழுவதற்கும் அதிகாரியாகிவிடலாம். விரைவுமிக்க கணினியில் இதற்கு அரைமணி நேரமே போதும் எனக் கண்டுபிடித்தோர் காட்டினர். குறை உடனே திருத்தப்பட்டது. 2017-இல், உச்சத்தை எட்டினால் சுழலாது அங்கேயே நின்றுவிடும் எண்ணியும் கருவில் இடம்பெற்றது.

தோட்டத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

கேமரன் மலைத் தோட்டங்களில் பிள்ளைகளின் பாடமும் பெற்றோரின் வங்கிக் கணக்கும் இன்று பெரும்பாலும் ஒரே கைப்பேசியில் அடங்கியுள்ளன. மலேசியக் கல்வியமைச்சின் 'டெலிமா' கற்றல் தளமும் 2020 முதல் அவ்வழியே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 10 முதலான பதிப்புகளுடன் வெளிவந்த கைப்பேசிகளில் கோப்புகள் மறைகுறியாகவே சேமிக்கப்படுகின்றன. கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கிய பின், கடவெண்ணை ஒருமுறை இட்டால்தான் பயனரின் கோப்புகளுக்குரிய திறவுகோல் கருவைச் சென்றடையும். அதுவரை படங்களும் மடல்களும் வெறும் மறைகுறியே. பேருந்தில் தவறவிட்ட கைப்பேசி கண்டெடுத்தவனுக்கு வெறும் பெட்டியாகவே நிற்பது இதனாற்றான்.

ஆயின் கருவின் காவல் கடவெண்ணின் வாயிலில் தொடங்குகிறது. 1234 என்று வைப்பாரும், கைப்பேசி உறைக்குள் எழுதிச் செருகுவாரும் அவ்வாயிலைத் தாமே திறந்து வைப்போர் ஆவர். 2016-இன் பிழை, திருத்தப்பட்ட பதிப்பை ஏற்ற கருவிகளிலேயே நீங்கிற்று. ஆதலின், புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று கைப்பேசி அறிவிக்கும்போது 'பிறகு' என்று தள்ளுதலும் பிழையாம்.

இன்னார்க்கு, இன்னதற்கு, இத்துணைக் காலத்துக்கு என்று அளந்து கொடுத்தலும், கொடுத்ததை வழுவாது கணக்கிடுதலும், முடிந்ததும் திரும்பப் பெறுதலுமே திறவுகோற் காவலின் இலக்கணம். தமிழாசிரியர் இதனை எளிய தமிழில் மாணவர்க்கு உணர்த்துவாராயின், பிள்ளைகள் வழியே பெற்றோரும் அறிந்து தம் கைப்பொருளைக் காப்பர்.